பாக்கெட்டின் முன்பக்கம் ஜி.ஐ. 52, பின்பக்கம் என்ன இருக்கிறது?

கேள்வி: அப்பாவுக்குச் சர்க்கரை நோய். ‘குறைந்த ஜி.ஐ.’ என்று போட்டிருந்ததால் ஒரு பிஸ்கட் வாங்கிக் கொடுத்தேன். முன்பக்கத்திலேயே 52 என்று அச்சடித்திருக்கிறார்கள். அதை நம்பி அவர் மாலையில் ஆறு பிஸ்கட் சாப்பிடுகிறார். சர்க்கரை ஏறத்தான் செய்கிறது. ஏமாற்றிவிட்டார்களா? ஜி.எல். என்று இன்னொன்றும் சொல்கிறார்களே, அது என்ன?

பதில்: 52 என்ற எண் சரியாகவே இருக்கலாம். அப்பா எத்தனை பிஸ்கட் சாப்பிடுகிறார் என்பது மட்டும் அந்த எண்ணுக்குத் தெரியாது.

ஜி.ஐ. எனப்படும் கிளைசெமிக் இண்டெக்ஸை 1981-ல் டொராண்டோ பல்கலைக்கழகத்தின் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் வெளியிட்டார்கள். 50 கிராம் மாவுச்சத்து (பாக்கெட்டில் ‘கார்போஹைட்ரேட்’ என்று இருக்கும்) கிடைக்கும் அளவுக்கு ஒரு உணவைக் கொடுத்து, அடுத்த இரண்டு மணி நேரம் ரத்தச் சர்க்கரை எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்ப்பார்கள். அதே ஆட்களுக்கு 50 கிராம் குளுக்கோஸ் கொடுத்தும் பார்ப்பார்கள். குளுக்கோஸின் ஏற்றத்தை 100 என்று வைத்தால் இந்த உணவு எவ்வளவு என்பதுதான் ஜி.ஐ. 55 வரை குறைவு, 56 முதல் 69 வரை நடுத்தரம், 70-ம் அதற்கு மேலும் அதிகம்.

சோதனையில் எல்லா உணவுக்கும் ஒரே 50 கிராம் மாவுச்சத்துதான். நம் தட்டில் அப்படி இல்லையே. தர்பூசணியைப் பாருங்கள். ஜி.ஐ. 76, கேட்டாலே பயமாக இருக்கும். ஆனால் 100 கிராம் பழத்தில் மாவுச்சத்து சுமார் 7 கிராம்தான். 50 கிராம் சேர வேண்டுமானால் 700 கிராம் பழத்தை ஒரே மூச்சில் சாப்பிட வேண்டும்!

இந்தக் குறையைச் சரிசெய்ய வந்ததுதான் ஜி.எல்., அதாவது கிளைசெமிக் லோடு. ஜி.ஐ.-யை நீங்கள் சாப்பிடும் மாவுச்சத்தின் கிராமால் பெருக்கி 100-ஆல் வகுத்தால் வந்துவிடும். ஒரு வேளைக்கு எடுத்துக்கொள்ளும் அளவில் 10 வரை குறைவு, 20-ம் அதற்கு மேலும் அதிகம். 120 கிராம் தர்பூசணிக்கு 6-தான் வருகிறது.

இப்போது அப்பாவின் பிஸ்கட்டுக்கு வருவோம். பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். ‘ஒரு பரிமாறல் 2 பிஸ்கட், மாவுச்சத்து 17 கிராம்’ என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 52-ஐ 17-ஆல் பெருக்கி 100-ஆல் வகுத்தால் சுமார் 9. நல்ல எண்தான், ஆனால் இரண்டு பிஸ்கட்டுக்கு. ஆறு சாப்பிட்டால் 27 ஆகிவிடும். இதே மாவுச்சத்துள்ள சாதாரண பிஸ்கட்டின் ஜி.ஐ. 68 என்றாலும், அதில் இரண்டு சாப்பிட்டால் 12-தான். ‘குறைந்த ஜி.ஐ.’ என்ற எழுத்தைப் பார்த்ததும் கை தாராளமாகிவிடுகிறது. எனக்கு வருத்தமே இதில்தான். மருந்துபோல நினைத்து, கூடுதல் காசும் கொடுத்து, முன்பைவிட அதிகம் சாப்பிட்டுவிடுகிறோம்.

கேள்வி: வெள்ளை பிரெட்டுக்குப் பதில் கோதுமை பிரெட், சாதாரண காலை உணவுக்குப் பதில் ஓட்ஸ் என்று மாறிவிட்டோம். இது போதுமா?

பதில்: பிரெட் விஷயத்தில் நிறம் ரொம்ப ஏமாற்றும். 2008-ல் வெளியான சர்வதேச ஜி.ஐ. பட்டியலில் வெள்ளை பிரெட்டின் சராசரி 75, முழுக்கோதுமை பிரெட் 74. முழுத்தானியமே ஆனாலும் நைசாக அரைத்த மாவு சீக்கிரம் செரித்துவிடும். நார்ச்சத்துக்காக முழுக்கோதுமையை வாங்குங்கள், அது நல்லது. சர்க்கரை ஏறாது என்று மட்டும் எண்ண வேண்டாம். முழுசாகவோ உடைத்தோ போட்ட தானியம் கண்ணில் படுகிற, கையில் எடுத்தால் கனமாக இருக்கிற பிரெட் கிடைத்தால் அதை எடுங்கள்.

ஓட்ஸில் வித்தியாசம் பெரிது. அதே பட்டியலில் சாதாரண அவல் ஓட்ஸ் கஞ்சி 55, இன்ஸ்டன்ட் ஓட்ஸ் கஞ்சி 79. தானியம் ஒன்றுதான், பக்குவம் வேறு. வீட்டில் இருப்பதைக் கொஞ்சம் உள்ளங்கையில் கொட்டித் தேய்த்துப் பாருங்கள். மெல்லிசாக, நொறுங்கித் தூளாகிறதா? அது வெந்நீர் பட்டதும் கூழாகிற வகை. தடியாக, முழு வட்டமாக நிற்கிற அவலைத்தான் வாங்க வேண்டும். சமைக்கக் கூடுதலாகச் சில நிமிடம் ஆகும், அவ்வளவுதான்.

அப்புறம், ‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’ என்று இருந்தால் சேர்மானப் பட்டியலில் மால்டோடெக்ஸ்ட்ரின் இருக்கிறதா என்று தேடுங்கள். இனிப்பு குறைவான மாவுப்பொருள் அது. ஆனால் ரத்தத்தில் கிட்டத்தட்ட குளுக்கோஸ் மாதிரியே ஏறும்.

கேள்வி: ஐஸ்கிரீமின் ஜி.ஐ. 51 என்று படித்தேன். அப்படியானால் அது சோற்றைவிட நல்லதா?

பதில்: இல்லை. கொழுப்பு இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது, அதனால் எண் குறைகிறது. கொழுப்பும் கலோரியும் ஜி.ஐ.-யில் தெரியாது. சோற்றுக்கு அளவுதான் முக்கியம். 150 கிராம் சோற்றில் மாவுச்சத்து சுமார் 42 கிராம். ஜி.ஐ. 55 உள்ள அரிசியாகவே இருந்தாலும் ஜி.எல். 23 வந்துவிடும். சோற்றைக் குறைத்து, காய்கறியையும் பருப்பையும் கூட்டி, அவற்றை முதலில் சாப்பிட்டால் ஏற்றம் மட்டுப்படும். ஒருவருக்கு ஏறுவதுபோல் இன்னொருவருக்கு ஏறாது என்பதால், சாப்பிடும் முன்பும் இரண்டு மணி நேரம் கழித்தும் வீட்டு மீட்டரில் பார்த்துக் குறித்து வையுங்கள். எந்த அட்டவணையையும்விட அது உங்களுக்குப் பயன்படும்.

கேள்வி: அப்பா இன்சுலின் போடுகிறார். ஜி.ஐ. அதிகமுள்ள எல்லாவற்றையும் வீட்டிலிருந்து எடுத்துவிடலாமா?

பதில்: தயவுசெய்து குளுக்கோஸை மட்டும் எடுத்துவிடாதீர்கள். சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கி, வியர்த்துக் கை நடுங்கும்போது வேகமாக ஏற்றுகிற பொருள்தான் காப்பாற்றும். அந்த நேரத்தில் சாக்லேட் உதவாது, அதிலுள்ள கொழுப்பு தாமதப்படுத்தும். 15 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை கொடுங்கள். நினைவில்லாமல் இருந்தால் வாயில் எதுவும் போடாமல் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். குளுக்கோஸ் டப்பா அவர் கைக்கு எட்டுகிற இடத்திலேயே இருக்கட்டும்.