மனோரஞ்சிதமும் மஞ்சளும்

வணக்கம் ஐயா,

மல்லிகை, முல்லை, பவழமல்லி என்று வெள்ளைப் பூக்களின் மணத்தைப் பற்றியே எழுதுகிறீர்கள். ஆவாரையும் சரக்கொன்றையும் கண்ணுக்கு மட்டும்தானா? எங்கள் கொல்லையில் மனோரஞ்சிதம் இருக்கிறது. பச்சையாக இருக்கும்வரை ஒன்றும் தெரியாது, மஞ்சளானதும் தெருவரை மணக்கிறது. இதிலிருந்து சென்ட் எடுப்பார்களா? பாம்பு வரும், வெட்டு என்கிறார் மாமியார்.

மாலதி

அன்புள்ள மாலதி,

குற்றம் என்னுடையதுதான். செண்பகத்தைக்கூட விட்டுவிட்டேன்.

உங்கள் மனோரஞ்சிதத்துக்குப் பெரும்பணக்கார உறவு ஒன்று உண்டு: இலாங் இலாங். இரண்டும் சீத்தா குடும்பம். அதுவும் பச்சையாகப் பூத்து, இரண்டு மூன்று வாரத்தில்தான் மஞ்சளாகும். இதழின் அடியில் சிவப்புப் புள்ளி தெரிந்தால் பறிக்கலாம் என்று கணக்கு. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா பக்கத்து மரம். இன்று கொமோரோ தீவுகளிலும் மடகாஸ்கரிலும் தோட்டமாகவே வளர்க்கிறார்கள். விட்டால் பனை உயரம் போகும் மரத்தை, கைக்கெட்டும் உயரத்தில் நுனியை வெட்டி, கிளைகளை வளைத்துப் படரவிடுகிறார்கள். பார்த்தால் பாவமாக இருக்கும்.

விடியற்காலையில் பறித்து உடனே ஆவியில் வடிக்க வேண்டும். நசுங்கினால் கறுத்துவிடும். ஏறத்தாழ 50 கிலோ பூவுக்கு ஒரு கிலோ எண்ணெய். முதலில் இறங்குவது 'எக்ஸ்ட்ரா', விலை கூடியது, உயர்ந்த சென்ட்டுகளுக்குப் போவது. பிறகு மணிக்கணக்கில் வடிய வடிய முதல், இரண்டாம், மூன்றாம் தரம். மூன்றாம் தரம் சோப்புக்கு. 1921இல் வந்த ஷனெல் நம்பர் 5 சென்ட்டில் மல்லிகை, ரோஜாவோடு இதுவும் இருக்கிறது.

செண்பகத்தை உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜ் ஊரில் செம்பு அண்டாவில் கொதிக்கவிட்டு, அந்த ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்கி அத்தர் ஆக்குகிறார்கள். வெளிநாட்டு சென்ட்டுகளுக்குப் பெரும்பாலும் கரைப்பானில் ஊறவைத்து எடுத்த சாறு போகிறது. எனக்குப் பிடித்தது அத்தர்தான். ஆனால் அதில் பாதி சந்தனத்தின் புகழ்.

மனோரஞ்சிதத்தில் அப்படிப் பெரிய தொழில் எதுவும் வளரவில்லை. நினைத்த பழத்தின் வாசனை வரும் என்பார்களே, அதில் கொஞ்சம் உண்மை உண்டு. பழங்களுக்கு மணம் தரும் எஸ்டர் வகைகள்தாம் இந்தப் பூவிலும் இருக்கின்றன. மூக்கு தனக்குத் தெரிந்த பழத்தைச் சொல்லிக்கொள்கிறது.

மாமியாரிடம் சொல்லுங்கள்: பாம்பு மணத்துக்காக வருவதில்லை. அடர்ந்த புதரில் எலி ஒதுங்கினால் அதைத் தேடி வரும். அடியில் ஒரு முழம் கழித்துவிட்டுச் சருகைக் கூட்டிவிட்டால் போதும். கொடியில் கை வைக்காதீர்கள்.