வெள்ளை விளிம்பு என்றால் வெற்று அட்டையா?

கேள்வி: 1994, 95-இல் நண்பர்களோடு 'மேஜிக்: தி கேதரிங்' என்ற சேகரிப்பு அட்டை விளையாட்டை ஆடினேன். வீடு மாறும்போது அந்தப் பழைய பெட்டி கையில் கிடைத்தது. ஆயிரத்துக்கு மேல் அட்டைகள் இருக்கின்றன. "எல்லாம் வெள்ளை விளிம்பு, மதிப்பில்லை" என்று சொல்லும் ஒரு வியாபாரி, பெட்டியோடு மொத்தமாக ஒரு தொகை தருகிறேன் என்கிறார். கொடுத்துவிடலாமா? மறுபடி ஆடவும் ஆசையாக இருக்கிறது.

பதில்: கொடுக்காதீர்கள். மதிப்பில்லாத பெட்டியை அவர் எதற்காகக் கேட்கிறார் என்று முதலில் யோசியுங்கள்.

வெள்ளை விளிம்பு மலிவு என்பது பாதி உண்மை. 1993-இல் வந்த ஆல்ஃபா, பீட்டா பதிப்புகளுக்குக் கருப்பு விளிம்பு. அதே ஆண்டு இறுதியில் வந்த அன்லிமிடெட், 1994-இன் ரிவைஸ்டு, 1995-இன் நான்காம் பதிப்பு மூன்றுக்கும் வெள்ளை. நான்காம் பதிப்பு அட்டைகளின் அடியில் 1995 என்று அச்சாகியிருக்கும். அவை நாம் தேடுபவை அல்ல, தனியே ஒதுக்கிவிடுங்கள். ஆண்டும் இல்லை, விரிவாக்கக் குறியும் (எந்தத் துணைத் தொகுதியில் வந்தது என்று காட்டும் சின்னம்) இல்லை என்றால் நிதானியுங்கள். அது ரிவைஸ்டாகவோ அன்லிமிடெட்டாகவோ இருக்கலாம்.

ரிவைஸ்டு அட்டைகளில் பெரும்பாலானவை சாதாரணமானவைதான். ஆனால் இரண்டு நிற மானா (மற்ற அட்டைகளை ஆடச் செலவிடும் மந்திர சக்தி) தரும் பத்து நில அட்டைகளை மட்டும் விட்டுவிடாதீர்கள்: அண்டர்கிரவுண்ட் சீ, வால்கேனிக் ஐலண்ட், டன்ட்ரா, டிராபிகல் ஐலண்ட், பயூ, பேட்லேண்ட்ஸ், டைகா, பிளாட்டோ, சவான்னா, ஸ்கிரப்லேண்ட். பழைய அட்டைகளை 1995-இல் மறுபடி அச்சிட்டபோது சேகரிப்பாளர்கள் கொதித்தார்கள். அதனால் 1996-இல் இந்த விளையாட்டை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம், குறிப்பிட்ட அட்டைகளை இனி அச்சிடமாட்டோம் என்று 'ரிசர்வ்டு லிஸ்ட்' வெளியிட்டது. இந்தப் பத்தும் அதில் உள்ளன. இவற்றில் ஒன்று, மீதிப் பெட்டி முழுவதையும்விட அதிக விலை போகலாம். பெயர்களைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு நில அட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டுங்கள். அந்த வியாபாரியும் இதைத்தான் செய்வார், நீங்கள் பணத்தை எண்ணிக்கொண்டு போன பிறகு.

அட்டையின் தரத்தை வாங்குபவரே முடிவு செய்யும் வழக்கம் இந்தச் சந்தையின் சாபக்கேடு. உங்களிடம் 'தேய்ந்தது' என்று வாங்கிய அட்டை மறுநாள் 'புதிது போல' என்று விற்பனைக்கு வரும். இதைத் தட்டிக்கேட்க எவருமில்லை. எனவே விலை பார்க்கும்போது விற்பவர் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். உண்மையில் விற்று முடிந்த விலையைப் பாருங்கள். தரச் சான்று வாங்கித் தருகிறேன் என்பவரிடம் அவசரப்பட்டு அட்டையைத் தராதீர்கள். சான்றுக் கட்டணமே சாதாரண அட்டையின் விலையைத் தாண்டிவிடும். அழுக்காகத் தெரிந்தாலும் துடைக்க வேண்டாம்.

ஆடுவதற்குத் தடை ஏதுமில்லை. 'மாடர்ன்' என்னும் ஆட்ட வகையில் மட்டும், 2003-இன் எட்டாம் பதிப்பிலிருந்து வந்த அட்டைப் பெயர்களே செல்லும். அதனால் 'கமாண்டர்' ஆடுங்கள்: நூறு அட்டைகள், அடிப்படை நிலங்கள் தவிர எதுவும் ஒன்றுக்கு மேல் கூடாது, தடைப்பட்டியலில் இல்லாத பழைய அட்டைகள் எல்லாம் செல்லும். செலவழிக்காத மானாவால் உயிர்ப்புள்ளி குறையும் பழைய விதி 2009-இல் நீக்கப்பட்டுவிட்டது. சீட்டைக் கலைக்கும் முன் ஒவ்வொரு அட்டையையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுவிடுங்கள்.