ஒரே எடையில இருக்கற ரெண்டு பித்தளைக் குடத்துக்கு விலை ஏன் இவ்ளோ வித்தியாசப்படுது?

சீருக்கு பித்தளைக் குடமும் அண்டாவும் எடுக்கப் போனேன், கிலோ கணக்குதானே, அப்புறம் ஏன் ஒரு கடையில ஒரு விலை இன்னொரு கடையில ஒரு விலைன்னு கேட்டிருக்கீங்க. எங்க ஊரு அனுப்பர்பாளையம், திருப்பூர்ல இருந்து அவிநாசி போற ரோட்டுல இருக்கு, எங்க வீட்டுல அப்பா தாத்தா எல்லாரும் பாத்திரப் பட்டறைதான், அதனால தெரிஞ்சதச் சொல்றேன்.

எடைங்கறது தகட்டோட விலை மட்டும்தாங்க. பித்தளைல செம்பு 63-ல இருந்து 70 சதவீதம் வரைக்கும் இருக்கும், மிச்சம் துத்தநாகம், செம்பு ஜாஸ்தியானா விலையும் ஏறும். ஆனா பெரிய வித்தியாசம் வர்றது கூலிலதான்.

தகட்ட வட்டமா வெட்டி, பிரஸ்ல குடுத்தோ சுத்துற கடைசல் மிஷின்ல வெச்சு அழுத்தியோ குழிவா கொண்டு வருவாங்க, ஒரு அளவுக்கு மேல போனா பித்தளை இறுகிப் போயி மடங்காது, மீறி அழுத்துனா கிழிஞ்சிரும். அப்ப நெருப்புல மங்கலா சிவக்குற வரைக்கும் வாட்டணும், ஆசிட்ல முக்கி கருப்பு எடுக்கணும், மறுபடியும் அடிக்கணும். இந்த வாட்டுறத ஒரு தடவை குறைச்சா விறகும் நேரமும் மிச்சம், கடையில பாக்கறப்ப ஒரு வித்தியாசமும் தெரியாது, பளபளன்னு தான் இருக்கும். ஆனா உள்ள அந்த இறுக்கம் அப்படியே நிக்கும், கொஞ்ச நாள் கழிச்சு யாரும் தொடாமயே கழுத்துப் பக்கம் கோடு கோடா வெடிக்கும். பிரிட்டிஷ்காரன் காலத்துல ராணுவத்தோட பித்தளைத் தோட்டாக் கூடெல்லாம் மழைக்காலத்துல இப்படித்தான் தானா வெடிச்சிருக்கு, குதிரை லாயத்துல இருந்து வந்த அம்மோனியா பட்டதுதான் காரணம்னு பின்னாடி கண்டுபிடிச்சாங்க. இறுக்கம் போக வாட்டி எடுத்த பித்தளைல இது வர்றது ரொம்பக் கம்மி.

அடுத்தது பத்த வைக்கிறது. குடம் ஒரே தகடு கிடையாது, கீழ்ப்பாதி மேல்பாதி கழுத்துன்னு தனித்தனியா செஞ்சு சேக்கறது. பழைய குடம் வீட்டுல இருந்தா வயித்துப் பக்கம் நல்லா உத்துப் பாருங்க, பல்லு பல்லா ஒரு கோடு மங்கலா தெரியும், ரெண்டு ஓரத்தையும் பல்லு வெட்டி ஒண்ணுக்குள்ள ஒண்ணு கோத்து, வெண்காரமும், பித்தளைக்கு முன்னாடியே உருகுற பத்துப் பொடியும் வெச்சு உலையில காட்டி உருக விட்டது அது. கொஞ்சம் சூடு கம்மியானா பொடி ஓடாது, கொஞ்சம் ஜாஸ்தியானா குடமே உருகி ஓட்டையாயிரும். துத்தநாகம் வெள்ளைப் புகையா மேல வரும், அத மூஞ்சிக்கு நேரா வாங்கிட்டுதான் அந்த ஆள் நிறம் பாத்து வெளிய எடுக்கணும். அந்தக் கண்ணுக்கு குடுக்கற கூலிய யாரும் அதிகம்னு சொல்லக் கூடாதுங்கறது என்னோட எண்ணம். பசங்க எல்லாம் பனியன் கம்பெனிக்குப் போயிட்டாங்க, இந்த வேலை கத்துக்க ஆளு வர்றதில்ல, பேரம் பேசுறப்ப இத மனசுல வெச்சுக்கோங்க.

சுத்தியல் அடி விழுந்த மாதிரி புள்ளி புள்ளியா இருக்கறதுக்கு இப்ப ஆன்லைன்ல தனி விலை. கையில அடிச்சதுன்னா புள்ளி ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது, வரிசையும் லேசா வளையும். அச்சுல எடுத்தது எல்லாம் ஒரே சைஸ்ல இருக்கும், அதுக்கு கைவேலை விலை குடுக்காதீங்க.

வாங்கறப்ப உள்ள கையை விட்டு இணைப்ப விரலால தடவிப் பாருங்க, குழியோ கரடோ தட்டுச்சுன்னா வேற எடுங்க. அண்டாவுல சமைக்கப் போறீங்கன்னா உள்ள ஈயம் பூசித்தான் வாங்கணும், வெள்ளீயம்தானான்னு கேட்டுக்கோங்க, காரீயம் கலந்தா விஷம். வெள்ளீயம் 232 டிகிரிலயே உருகிரும், அதனால தண்ணியோ எண்ணெயோ ஊத்தாம வெறும் பாத்திரத்த அடுப்புல ஏத்தாதீங்க. குடத்த வீட்டுக்கு கொண்டு போனதும் கழுத்து வரைக்கும் தண்ணி ஊத்தி ஒரு ராத்திரி பேப்பர் மேல வெச்சிருங்க. காலைல பேப்பர் நனைஞ்சிருந்தா பில்லோட கடைக்கே கொண்டு போங்க, நல்ல கடைன்னா பட்டறைக்கு அனுப்பி திரும்ப பத்த வெச்சுக் குடுப்பாங்க.