வீட்டுலயே செஞ்ச கேமரா வச்சு குருவிக்கூட்ட பாக்கலாமா? கோத்தகிரில நான் செஞ்சு பாத்தது

கேள்வி இதுதான்: "வீட்டு ஓரமா குருவி கூடு கட்டுது, கம்மி செலவுல நாமளே கேமரா செஞ்சு வச்சு பாக்க முடியுமா, குருவிக்கு தொந்தரவா இருக்காதா?"

முடியும்ங்க, 1,500 ரூபாய்க்குள்ளயே முடியும். ஆனா கேமராவ எப்ப வைக்கிறீங்கங்கறதுலதான் எல்லாம் இருக்கு. குருவி வர்றதுக்கு முன்னாடியே அது அங்க இருக்கணும். கூடு கட்டி முட்டையும் போட்டாச்சு, இனிமேதான் கேமரா வைக்கணும்னு இருந்தா தயவுசெஞ்சு இந்த வருஷம் விட்டுடுங்க. ஒரு கூடு என்னால அழிஞ்சு போனதுக்கு அப்புறம்தான் எனக்கு இது புரிஞ்சுச்சு, அதனால அதையே முதல்ல சொல்றேன்.

நான் கோத்தகிரி பக்கம், வேலை எலெக்ட்ரீஷியன், வீட்ட சுத்தி கொஞ்சம் தேயிலை இருக்கு. சில வருஷம் முன்னாடி மார்ச் மாசம் வாசல் ரோஜா செடில ஒரு ஜோடி செம்மீசைச் சின்னான் கூடு கட்டிச்சு, கொண்டைக்குருவின்னு சொல்வோமே அதுதான். ரெண்டு முட்டை போட்டதும் எனக்கு ஆசை தாங்கல, பழைய போன ஒரு குச்சில கட்டி ஒன்றரை அடி தூரத்துல நட்டு வச்சு, நிமிஷத்துக்கு ஒரு போட்டோ எடுக்கற மாதிரி செட் பண்ணிட்டேன். குறுக்க ஒரு சின்ன கிளை மறைச்சுச்சு, அத நூல் போட்டு ஒதுக்கி கட்டிட்டேன். தாய்க்குருவி கரண்ட் கம்பில உக்காந்து முக்கால் மணி நேரம் கத்திட்டே இருந்துச்சு, அப்புறம் வந்து உக்காந்துருச்சு, சரி பழகிடுச்சுன்னு நானும் நினைச்சுட்டேன். போன் சார்ஜ் நிக்காது, காலைல ஒரு தடவ சாயங்காலம் ஒரு தடவ போய் மாத்தணும். நாலாவது நாள் காலைல கூடு காலி. போன எடுத்து பாத்தா 6:40க்கு ஒரு அண்டங்காக்கா, அடுத்த போட்டோல கூட்டுக்குள்ள ஒண்ணுமே இல்ல. எங்கம்மா அன்னைக்கு சொன்னது இப்பவும் மறக்கல: "நீ தினமும் எங்க போய் நிக்கிறேன்னு அது மதில் மேல உக்காந்து பாத்துட்டேதான்டா இருந்துச்சு." நான் ஒதுக்கி கட்டின அந்த கிளைதான் கூட்டுக்கு மேல கூரை மாதிரி இருந்திருக்கு.

அதுல இருந்து திறந்த கூட்டு பக்கமே நான் போறதில்ல. பொந்துல கூடு கட்டற குருவிக்குத்தான் நம்ம கேமரா ஒத்து வரும், ஏன்னா பொந்த நாமளே செஞ்சு குடுக்கலாம், கேமராவும் அதோடயே சேந்து இருக்கும். எங்க ஊருக்கு பட்டாணிக்குருவிதான் சரியான ஆளு. கருப்பு தலை, வெள்ளை கன்னம், நெஞ்சுல இருந்து வயிறு வரைக்கும் டை கட்டின மாதிரி கருப்பு பட்டை, பாத்தா உடனே தெரியும், ஊட்டி கொடைக்கானல் எல்லா இடத்துலயும் இருக்கு, செவுத்து ஓட்டை பைப் ஓட்டைனு எங்க வேணா கட்டும்.

வெட்டுன சில்வர் ஓக் பலகைல பெட்டி செஞ்சேன். உள்ளளவு 12 செ.மீ.க்கு 12 செ.மீ., ஓட்டை 28 மி.மீ., ஓட்டைக்கும் அடிப்பலகைக்கும் நடுவுல ஒரு 13 செ.மீ. ஆழமாவது வேணும், பூனை கைய விட்டாலும் எட்டக்கூடாது. ஓட்டைக்கு கீழ உக்கார்றதுக்கு குச்சி வைக்காதீங்க, பட்டாணிக்குருவிக்கு அது தேவையே இல்ல, திருட வர்றதுக்குத்தான் உதவும். அடில நாலு சின்ன துளை, தண்ணி வடியறதுக்கு. மேல தனியா ஒரு அறை தடுத்து அதுல கேமரா போர்டு, தடுப்புப் பலகைல லென்ஸ் அளவுக்கு மட்டும் ஒரு ஓட்டை. எங்களுக்கு ஐப்பசி கார்த்திகைல வடகிழக்கு பருவமழை அடிச்சு பெய்யும், அதனால ஓட்டை அந்தப் பக்கம் பாக்காத மாதிரி பத்தடி உயரத்துல செவுத்துல அடிச்சேன், மரத்துல வச்சா பூனை ஏறிடும். வச்சது டிசம்பர்ல. குருவி எட்டிப் பாத்தது பிப்ரவரி கடைசில.

கேமரா இஎஸ்பி32-கேம்னு ஒரு குட்டி போர்டு, 2 மெகாபிக்சல், மெமரி கார்டு ஸ்லாட் அதுலயே இருக்கு, நான் வாங்கினப்ப 600 ரூபாய். ராஸ்பெரி பை ஜீரோங்கற குட்டி கம்ப்யூட்டர் போர்டு வச்சா வீடியோ அருமையா வரும், செலவு ரெண்டு மூணு மடங்கு ஆயிடும், முதல் தடவைக்கு வேண்டாம்.

நிறைய பேர் மாட்டிக்கிற இடம் கரண்ட்தான், அதனால இத கொஞ்சம் விரிவா சொல்றேன். வீட்டுக்குள்ள செல்போன் சார்ஜர போட்டு 20 மீட்டர் மெல்லிசு ஒயர் இழுத்து 5 வோல்ட் குடுத்தீங்கன்னா போர்டுக்கு போய் சேர்றதுக்குள்ள வோல்டேஜ் இறங்கிடும், போட்டோ எடுக்கப் போற நேரத்துல ரீஸ்டார்ட் ஆகும், திரும்பத் திரும்ப ஆகிட்டே இருக்கும், போர்டு போச்சுன்னு நினைச்சு இன்னொண்ணு வாங்குவீங்க, அதுவும் அப்படியேதான் பண்ணும். பழைய வைஃபை ரவுட்டரோட 12 வோல்ட் அடாப்டர் இருந்தா அத போட்டு 12 வோல்ட்டாவே அனுப்புங்க, பெட்டிகிட்ட ஒரு சின்ன பக் கன்வெர்ட்டர் வச்சு அங்க 5ஆ குறைச்சுக்கோங்க, அது நூறு ரூபாய்க்குள்ள கிடைக்கும். கரண்ட் கட்டுக்கு ரவுட்டருக்கு வைக்கிற குட்டி யூபிஎஸ் போதும். பவர்பேங்க் சரிப்படாது, இவ்வளவு கம்மியா கரண்ட் இழுத்தா ஒண்ணும் மாட்டலைன்னு நினைச்சு நிறைய பவர்பேங்க் தானா ஆஃப் ஆயிடும். ஒயர பிவிசி பைப்புக்குள்ள விட்டு கிளாம்ப் அடிச்சுடுங்க, இல்லன்னா குரங்கு ஒரே நாள்ல உருவிடும்.

அப்புறம் லென்ஸ். கம்பெனில இருந்து தூரத்துக்கு ஃபோகஸ் பண்ணி பசை வச்சுத்தான் வரும், 15 செ.மீ. தூரத்துல இருக்கற கூடு மங்கலா தெரியும். பசைய பிளேடால மெதுவா கீறி, லென்ஸ இடது பக்கமா கொஞ்சம் கொஞ்சமா திருப்புங்க, கீழ செய்தித்தாள் துண்டு வச்சு எழுத்து தெளிவா தெரியற இடத்துல நிறுத்துங்க. உள்ள வெளிச்சத்துக்கு கண்ணுக்குத் தெரியாத 940 நானோமீட்டர் இன்ஃப்ராரெட் எல்இடி ரெண்டு, முன்னாடி டிரேசிங் பேப்பர். 850 வாங்காதீங்க, லேசா சிவப்பா எரியறது தெரியும். சாதா லென்ஸ்ல இன்ஃப்ராரெட்ட தடுக்கற ஃபில்டர் இருக்கும், அது இல்லாத நைட் விஷன் லென்ஸ்னு கேட்டு வாங்குங்க. முக்கியமா, போர்டுல ஒரு வெள்ளை ஃபிளாஷ் எல்இடி இருக்கு, அதுவும் மெமரி கார்டும் போர்டுல ஒரே கனெக்ஷன் பின்-ஐ பகிர்ந்துக்கும், அதனால ஒவ்வொரு போட்டோ சேவ் ஆகறப்பவும் அது பளிச்னு மின்னும். ராத்திரி அடைகாக்கற குருவி முகத்துல அது அடிச்சா என்ன ஆகும்னு யோசிங்க. புரோகிராம்ல கார்ட 1-பிட் மோடுல ஓட்டினா அந்த பின்ன கார்டு தொடாது, மின்னறது நின்னுடும், நான் அதுக்கு மேல கருப்பு டேப்பும் ஒட்டிட்டேன்.

அசைவ கண்டுபிடிக்கற சென்சார் எதுவும் வைக்கல. பகல்ல 30 செகண்டுக்கு ஒரு போட்டோ, ராத்திரி பத்து நிமிஷத்துக்கு ஒண்ணு. பகல் 12 மணி நேரத்துக்கு 1,440 போட்டோ, ஒண்ணு சுமார் 50 கேபின்னா நாளைக்கு 72 எம்பிதான், 32 ஜிபி கார்டு சீசன் முழுக்க தாங்கும், ஏணி போட்டு ஏறவே தேவையில்ல. வைஃபைய தினமும் மத்தியானம் கால் மணி நேரம் மட்டும் ஆன் பண்ணி வீட்டுக்குள்ள இருந்தே போட்டோவ இறக்கிக்குவேன், முழு நேரமும் ஆன்ல விட்டா போர்டு சூடாகும். லேசான சூடு இருக்கறதும் ஒரு வகைல நல்லதுதான், எங்க ஊர் பனிமூட்டத்துக்கு லென்ஸ் வேர்க்காம இருந்துச்சு.

பாத்தத சொல்றேன். மொதல்ல ஒரு வாரம் முழுக்க பாசிய கொண்டு வந்து கொட்டிச்சு, அதுக்கு மேல முடி. அப்புறம் தினமும் காலைல ஒரு முட்டைனு மொத்தம் அஞ்சு. மூணாவது முட்டைக்கு அப்புறம் ஒரு நாள் போட்டோல முட்டையே இல்ல, எனக்கு உயிரே போயிடுச்சு, மறுபடியும் காக்காவான்னு. ஒவ்வொரு போட்டோவா பின்னாடி போய் பாத்தா, வெளிய போறதுக்கு முன்னாடி குருவி அந்த முடிய அலகால இழுத்து முட்டைய போத்திட்டு போயிருக்கு! எல்லா முட்டையும் போட்டு முடிக்கற வரைக்கும் அப்படித்தான் செஞ்சுச்சு. அடைகாத்தது பொட்டை மட்டும்தான், ஆண் புழுவ கொண்டு வந்து ஊட்டிட்டு போகும். 13ஆவது நாள் நாலு குஞ்சு பொரிச்சுச்சு, அஞ்சாவது பொரிக்கல. குஞ்சு எச்சம் போட்டா அது வெள்ளையா ஒரு பை மாதிரி வரும், தாயோ தகப்பனோ அத அலகுல கவ்விட்டு வெளிய பறக்கும், கூடு கடைசி வரைக்கும் சுத்தமா இருந்துச்சு. 30 செகண்டுக்கு ஒரு போட்டோங்கறதால எத்தனை தடவ இரை கொண்டு வந்துச்சுன்னு எண்ண முடியல, நடுவுல சிலது விட்டுப்போகும், அதுக்கு வீடியோதான் வேணும்.

எங்க கோத்தகிரிலயே மார்கரெட் காக்பர்ன்னு ஒரு அம்மா இருந்தாங்க, 1829ல பொறந்து 1928 வரைக்கும் வாழ்ந்தவங்க, இந்த மலைப் பறவைகள படமா வரைஞ்சாங்க, கூடு முட்டை பத்தி ஹியூம்ங்கற ஆங்கிலேய பறவை ஆராய்ச்சியாளருக்கு குறிப்பு எழுதி அனுப்பினாங்க. அந்தக் காலத்து வழக்கம் முட்டைய எடுத்து சேத்து வைக்கிறது. இன்னைக்கு ஒரு இறகக் கூட தொடாம, அந்த முடிப் போர்வைய நான் வீட்டுல உக்காந்து பாத்தேன்னு நினைக்கறப்ப மனசுக்கு அவ்வளவு நிறைவா இருக்கு.

பெட்டிய யாராவது தட்டினா உள்ள இருந்து பாம்பு மாதிரி சீறும், அது குருவிதான், பயந்து திறந்துடாதீங்க. குஞ்சுக்கு இறக முளைச்சதுக்கு அப்புறம் கண்டிப்பா திறக்கக்கூடாது, பறக்க தெரியறதுக்கு முன்னாடியே வெளிய குதிச்சுடும்.

இந்த செட்டப்ப எடுத்துட்டு சோலைக்காட்டுக்குள்ள மட்டும் போயிடாதீங்க. 1972 வனவிலங்கு பாதுகாப்பு சட்டத்துல வேட்டைக்கு குடுத்திருக்கற விளக்கத்துலயே பறவையோட கூட்டையும் முட்டையையும் கலைக்கறதும் வருது, காப்புக்காட்டுக்குள்ள போறதுக்கே வனத்துறை அனுமதி வேணும். நீலகிரி சோலைக்கிளின்னு ஒரு சின்ன பறவை (பேர்லதான் கிளி), அது பாலக்காட்டு கணவாய்க்கு வடக்க மட்டும்தான் இருக்கு, பழனிமலைல இருக்கறது வெள்ளை வயிறு உள்ள வேற இனம், ரெண்டும் மரப்பொந்துலயும் ஓடைக்கரை மண் பொந்துலயும்தான் கூடு கட்டும், இருக்கறதே கொஞ்சம். எந்த கூடா இருந்தாலும் குஞ்சு பறந்து போற வரைக்கும் போட்டோவையும் இடத்தையும் வெளிய போடாதீங்க, நான் பக்கத்து வீட்டுக்கு கூட சொல்லல.

பொரிச்சதுல இருந்து 19ஆவது நாள் காலைல நாலு குஞ்சும் பறந்து போயிடுச்சு. ரெண்டு வாரம் விட்டு பெட்டிய இறக்கி பழைய கூட்ட எடுத்தேன், கொதிக்கற தண்ணி ஊத்தி கழுவி வெயில்ல வச்சேன். பொரிக்காத அந்த ஒத்த முட்டை அடில முடிக்குள்ளயே இருந்துச்சு. அந்த முடிய வெளிச்சத்துல வச்சு பாத்த எங்கம்மா சொன்னாங்க, "டேய், இது நம்ம மணி முடிடா." மணி எங்க வீட்டு நாய்.