குக்கர் மாதிரி வீட்டுச் சாமான் டிசைன் செய்ய இன்ஜினியருக்கு லைசென்ஸ் வேண்டுமா?

வேண்டாம். பட்டம்கூட வேண்டாம், குக்கர் டிசைன் செய்த நானே டிப்ளமோதான்.

கேட்டவர் புதிதாக ஏதோ சமையலறைச் சாமான் செய்துவிட்டு, "உனக்கு என்ன தகுதி?" என்று யாராவது மடக்குவார்களோ என்று பயப்படுகிறார் போல. வக்கீலுக்கு 1961-லும் ஆர்க்கிடெக்டுக்கு 1972-லும் பதிவுச் சட்டம் வந்தது. குக்கர் வரைகிறவனுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. லைசென்ஸ் முறை கடுமையாக உள்ள அமெரிக்காவிலேயே, கம்பெனிச் சம்பளத்தில் பொருள் டிசைன் செய்பவருக்குப் பெரும்பாலான மாநிலங்களில் விலக்கு உண்டு.

லைசென்ஸ் எல்லாம் பொருளுக்குத்தான். பிரஷர் குக்கர் என்றால் ஐ.எஸ். 2347 என்ற இந்தியத் தரவிதிப்படி ஐ.எஸ்.ஐ. முத்திரை வேண்டும். 2021 பிப்ரவரியிலிருந்து அது கட்டாயம். முத்திரை தரும் பி.ஐ.எஸ். அமைப்பின் அதிகாரி வந்து டெஸ்டிங் ரூமைப் பார்ப்பார், சாம்பிள் எடுப்பார். வரைந்தது யார் என்று எங்களிடம் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

இதில் ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. கோவைப் பக்கம் ஒரு சின்னக் கம்பெனியில் இருந்தேன். குக்கர் மூடியின் ஓரத்தில் நீளமாக ஒரு ஜன்னல் வெட்டியிருக்கும், பார்த்திருப்பீர்கள். வெயிட் அடைத்துக்கொண்டால் கேஸ்கட், அதாவது மூடியின் ரப்பர் வளையம், அந்த ஜன்னல் வழியாகப் பிதுங்கி ஆவியை வெளியே விடும். கேஸ்கட் அங்கே சீக்கிரம் கிழிகிறது என்று டீலர்கள் புகார் சொல்ல, ஜன்னலைக் குறைக்கச் சொன்னார் முதலாளி. முடியாது என்றேன். "நீ என்ன கையெழுத்துப் போடுற ஆளா?" என்றார். உண்மைதான். டிராயிங்கில் 'அப்ரூவ்டு' கட்டத்தில் கையெழுத்துப் போட்டது அவருடைய மச்சான், பி.காம்.

குறைத்த மூடி வந்ததும் வெயிட்டை வேண்டுமென்றே அடைத்து, கொல்லையில் அடுப்பில் ஏற்றிவிட்டுச் சுவருக்குப் பின்னால் நின்றோம். எங்கள் மாடலில் முதலில் கேஸ்கட் பிதுங்க வேண்டும். பிதுங்கவில்லை. நடுவில் இருந்த சேஃப்டி பிளக் உருகிப் பறந்து, பருப்புத் தண்ணீர் தகரக் கூரை வரை அடித்தது. மறுநாளே பழைய அளவுக்குத் திரும்பினார்கள், அதே மச்சான் கையெழுத்தோடு.

லைசென்ஸ் வைத்திருப்பவன் எல்லாம் யோக்கியன் என்று நான் சொல்ல வரவில்லை, கமெண்டில் சண்டைக்கு வராதீர்கள். 2019 நுகர்வோர் சட்டத்தில் டிசைன் கோளாறுக்கும் தயாரிப்பாளர்தான் நஷ்டஈடு தர வேண்டும், அதுவும் தெரியும். ஆனால் 'முடியாது' என்று சொல்ல என் கையில் ஒரு காகிதம் இருந்திருந்தால், பருப்பை வீணாக்கியிருக்க வேண்டாம்.

அப்புறம், பொண்ணு கல்யாணப் பத்திரிகையில் சம்பந்தி வீட்டில் நாலு பேருக்குப் பெயருக்கு முன்னால் இன்ஜினியர் என்று காட்டும் 'ஈ.ஆர்.' போட்டார்கள். அதில் இரண்டு பேர் பேங்க் வேலை. எனக்குப் போடச் சொன்னதற்கு, "டிப்ளமோவுக்குப் போடக் கூடாதாமே" என்றார் என் தம்பி. எந்தச் சட்டத்தில் இருக்கிறதோ!

சரி, உங்கள் சாமான் அடுப்பில் வைப்பதா, கரண்டில் ஓடுவதா? சொன்னால் எந்த ஐ.எஸ். நம்பர் என்று தேடித் தருகிறேன்.