வெளிநாட்டில் ஓர் ஏழைக் குடியிருப்பில் நீண்டகாலத் தன்னார்வலராக இருப்பது எப்படி இருக்கும்? மக்கள் ஏற்றுக்கொள்வார்களா?

நான் இருந்தது பெரு நாட்டில், தலைநகர் லிமாவின் தென்பக்கம் உள்ள வில்லா எல் சால்வதோரில். அந்த ஊரை வைத்தே சொல்கிறேன்: ஏற்றுக்கொள்வார்கள். ஆனால் விருந்தாளியாக அல்ல, வேலைக்கு ஓர் ஆளாக.

அதற்குக் காரணம் ஊரின் பிறப்பிலேயே இருக்கிறது. 1971-இல் வீடில்லாத குடும்பங்கள் லிமாவில் காலி நிலத்தில் குடிசை போட, அரசு அவர்களை இந்த மணல்வெளிக்கு அனுப்பியது. தண்ணீரும் கிடையாது, மின்சாரமும் கிடையாது. கோரைப்பாயால் சுவர் எழுப்பிக் குடியேறியவர்கள், தொகுதி தொகுதியாகப் பிரிந்து, ஒவ்வொன்றின் நடுவிலும் பொதுத் திடல் விட்டு, பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுத்து ஊரைத் தாங்களே நடத்தினார்கள். 1987-இல் ஸ்பெயினின் ஆஸ்டூரியாஸ் இளவரசர் விருதும் கிடைத்தது. அங்கே மகளிர் அமைப்புகளை நடத்திய மரியா எலேனா மொயானோவை 1992 பிப்ரவரியில் ஷைனிங் பாத் ஆயுதக் குழு கொன்றது. அவர் பெயரை இன்றும் மரியாதையோடு சொல்வார்கள்.

நான் வேலை பார்த்தது பெண்கள் முறை வைத்து நடத்தும் பொதுச் சமையலறையில். ஒருத்தர் விடியற்காலையில் சந்தைக்குப் போவார், இரண்டு பேர் உருளைக்கிழங்கு உரிப்பார்கள், ஒருத்தர் நோட்டில் கணக்கு எழுதுவார். திங்கட்கிழமை என்றால் பருப்பும் சோறும். மதியம் பிள்ளைகள் டப்பாவோடு வரிசையில் நிற்பார்கள். சமைத்தவர்களுக்குக் கூலி கிடையாது, வீட்டுக்குச் சாப்பாடு எடுத்துப்போகலாம். முதலில் எனக்குக் கிடைத்தது வெங்காயம். கணக்கு நோட்டு என் கைக்கு வர மாதக்கணக்கில் ஆனது. அது நியாயம்தான். இரண்டு வாரம் வந்து சுவருக்கு வண்ணம் அடித்துவிட்டுப் போகிறவரிடம் யார் கணக்கைக் கொடுப்பார்கள்? அதனால் ஒரு வருடத்துக்குக் குறைவாக இருப்பதென்றால் போக வேண்டாம் என்பேன். ஸ்பானிஷும் ஓரளவு கற்றுக்கொண்டு போங்கள். சமையலறையில் யாரும் உங்களுக்காக நிதானமாகப் பேச மாட்டார்கள்.

பண உதவி கேட்டு வருவார்களா என்று பலர் கேட்கிறார்கள். அங்கே அதற்கு ஒரு வழக்கம் உண்டு, 'பொயாதா' என்று பெயர். வீட்டில் அறுவைச் சிகிச்சை மாதிரி பெரிய செலவு வந்தால், முன்கூட்டியே அக்கம்பக்கத்தில் சீட்டு விற்று, மிளகாய், பூண்டு, சீரகம் தடவி ஊறவைத்த கோழியைப் பொரித்து, அவித்த உருளைக்கிழங்கோடு தட்டு தட்டாகக் கொடுப்பார்கள். நம் புதுக்கோட்டைப் பக்கத்து மொய் விருந்து மாதிரிதான்: இன்று நீங்கள் வாங்கினால், நாளை உங்களுக்கு அவர்கள் வாங்குவார்கள். தனித்தனியாகக் கையில் காசு கொடுப்பதைவிட இந்தச் சீட்டுகளை வாங்குங்கள், ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

பாதுகாப்பு விஷயத்தில், இருட்டிய பிறகு எந்தத் தெரு, எந்த மோட்டோடாக்ஸி என்று பக்கத்து வீட்டம்மா சொல்வதைக் கேட்டாலே போதும். அப்புறம், பாலைவனம்தானே என்று சும்மா போய்விடாதீர்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை வெயிலே தெரியாது, தூறலில் துணி காயாது. கம்பளிச் சட்டை கட்டாயம்.