பட்டறைக் கேள்வி பதில்: புது ஒயரிங்கும் குழுப் பயணமும்

கேள்வி: பழைய ஒற்றை சிலிண்டர் மோட்டார் சைக்கிளின் பின்சட்டத்தை வெட்டிக் குறைத்து, சின்ன டேங்க்கும் தனி இருக்கையும் வைத்து நானே மாற்றிக் கட்டினேன். என்ஜினையும் பிரித்து, புது பிஸ்டன் போட்டாகிவிட்டது. சட்டத்துக்குப் பெயின்ட் அடித்த பிறகு பழைய ஒயரிங்கையே பூட்டினேன். இப்போது ஹெட்லைட் மங்கலாக எரிகிறது. இண்டிகேட்டர் போட்டால் ஹெட்லைட்டும் சேர்ந்து துடிக்கிறது. மேடு பள்ளத்தில் பியூஸ் போய்விடுகிறது. ஆறு வாரத்தில் நண்பர்களோடு குழுப் பயணம். பழையதைச் சரிசெய்வதா, புதிதாக இழுப்பதா?

பதில்: புதிதாக இழுத்துவிடுங்கள், தம்பி. ஆனால் அதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். ஹெட்லைட்டை எரியவிட்டு, மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை ஹெட்லைட் ஹோல்டரின் எர்த் ஒயரிலும் (மின்சாரம் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழி) பிடியுங்கள். பூஜ்யத்தை ஒட்டிக் காட்ட வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. உங்கள் வண்டியில் அப்படித்தான் காட்டும் என்று நினைக்கிறேன். பெயின்ட் மின்சாரத்தைக் கடத்தாது. எர்த் போல்ட்டுக்கு அடியில் பளபளப்பாகப் பெயின்ட் இருந்தால், இண்டிகேட்டரும் ஹெட்லைட்டும் திரும்பும் வழிக்காகப் போட்டி போடும். அந்தத் துடிப்பு அதனால்தான். போல்ட் உட்காரும் இடத்தை மட்டும் வெறும் இரும்பு தெரியச் சுரண்டி, பல்வாஷர் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். பேட்டரி நெகட்டிவிலிருந்து ஒரு தடித்த ஒயரை நேராக என்ஜினுக்கும் கொண்டுபோங்கள். ஹெட்லைட்டுக்குச் சட்டத்தை நம்பாமல் தனி எர்த் ஒயரே இழுப்பது என் வழக்கம். ஸ்டியரிங் பேரிங் வழியாக எர்த் எடுப்பது எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை.

மேடு பள்ளத்தில் பியூஸ் போகிறதென்றால் எங்கோ ஒயரின் தோல் உரிந்து சட்டத்தில் உரசுகிறது. ஸ்டியரிங் கழுத்தையும் நீங்கள் வெட்டிய பின்சட்டத்தின் விளிம்பையும் முதலில் பாருங்கள். தயவுசெய்து பெரிய ஆம்பியர் பியூஸைச் செருகிச் சமாளிக்காதீர்கள். பியூஸ் காப்பது ஒயரை. பியூஸ் தாங்கிக்கொண்டால் ஒயர் எரியும், அதன் மேலே பெட்ரோல் டேங்க் இருக்கிறது.

சட்டத்தில் வெல்டிங் வேலை ஏதாவது பாக்கி இருந்தால் ஒயரை வெட்டுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். பிறகு ஒரு முழுத் தாளில் வரைபடம் போடுங்கள். வண்டியில் எந்த நிற ஒயர் போகிறதோ அதே நிறத்தில் கோடு இருக்கட்டும். வழியில் நின்றால் அந்தத் தாள்தான் உதவும். பேட்டரியை ஒட்டியே மெயின் பியூஸ். அதன் பிறகு இக்னிஷனுக்கு ஒரு பியூஸ், ஹெட்லைட்டுக்கு ஒன்று, பிரேக் லைட், இண்டிகேட்டர், ஹார்ன் மூன்றுக்கும் சேர்த்து ஒன்று. ஹார்ன் ஒயர் உரசினால் என்ஜின் நிற்கக் கூடாது. குழுவாக ஓடும்போது, வரிசை நடுவில் ஒரு வண்டி திடீரென உயிர்விட்டால் பின்னால் வருகிறவருக்குத்தான் ஆபத்து.

60 வாட் பல்ப் 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும். அதை ஹேண்டில்பார் ஸ்விட்ச் வழியாக அனுப்பாமல், சிறு மின்சாரத்தால் இயங்கிப் பெரிய மின்சாரத்தை விடும் ரிலே வழியாக அனுப்புங்கள். ஸ்விட்ச் ரிலேயை மட்டும் இயக்கட்டும். பேட்டரியிலிருந்து மெயின் பியூஸுக்கும் சாவிக்கும் 2.5 சதுர மில்லிமீட்டர், ஹெட்லைட்டுக்கு 1.5, இண்டிகேட்டருக்கு 0.75 போதும். வாகனத்துக்கென்று வரும் பல இழைச் செம்பு ஒயராக வாங்குங்கள். வீட்டு ஒயரிங்குக்கான ஒற்றைக் கம்பி அதிர்வில் ஒடிந்துவிடும். சால்டர் வைத்த இணைப்பும் எனக்கு உடன்பாடில்லை: ஈயம் இழைகளுக்குள் ஊறி விறைத்துவிடும், அது முடியும் இடத்தில் ஒயர் முறியும். நல்ல கிரிம்பிங் கருவியால் டெர்மினலை அழுத்தி, வெப்பத்தில் சுருங்கும் குழாய் போடுங்கள்.

ஒயர்களைச் சேர்த்துச் சட்டத்தில் கட்டும்போது ஹேண்டிலை இரு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பார்த்து ஒயருக்குத் தொய்வு விடுங்கள். முடிந்ததும் என்ஜினை ஐடிலில் ஓடவிட்டு மறுபடி திருப்புங்கள். சத்தம் ஏறினால் ஆக்சிலரேட்டர் கேபிள் இழுபடுகிறது. நின்றால் இக்னிஷன் ஒயர் இழுபடுகிறது. பேட்டரிக்குப் போகும் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரை இருக்கைக்கு அடியில் ஒளித்துவைக்கத் தோன்றும், வண்டி அழகாகத் தெரியும். அது சூடாகும் பொருள். காற்றுப் படும் இடத்தில் வையுங்கள்.

ஒயரிங் நான்காவது வாரத்துக்குள் முடிய வேண்டும். மீதி இரண்டு வாரம் ஓட்டிப் பார்ப்பதற்கு. என்ஜினைச் சற்று ஏற்றி, எல்லா விளக்கும் எரியும்போது பேட்டரியில் 13.5 வோல்ட்டுக்குக் குறையாமலும் 14.5-ஐத் தாண்டாமலும் இருக்கிறதா என்று பாருங்கள். இரவில் தனியாக ஒரு நீண்ட ஓட்டம் போய்வாருங்கள். முன்பிரேக், பின்பிரேக் எதை அழுத்தினாலும் பிரேக் லைட் எரிய வேண்டும். புது பிஸ்டனை ஒரே வேகத்தில் இழுக்காதீர்கள். வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்டி, முதல் ஆயிலைச் சீக்கிரமே மாற்றிவிடுங்கள். சில மணி நேரம் ஓடியபின் எல்லா நட்டு போல்ட்டையும் ஸ்பேனர் வைத்துப் பாருங்கள், புதிதாகக் கட்டிய வண்டியில் ஏதாவது ஒன்று தளர்ந்தே இருக்கும். டேங்க் சின்னது என்பதால் ஒரு நிரப்பலுக்கு எவ்வளவு தூரம் ஓடுகிறது என்பதை இப்போதே அளந்து, குழுவை நடத்துகிறவரிடம் சொல்லிவிடுங்கள். பெட்ரோலுக்கு எங்கே நிறுத்துவது என்பதை உங்கள் டேங்க்தான் தீர்மானிக்கும்.

கேள்வி: எல்இடி இண்டிகேட்டர் போட்டேன். படபடவென்று அடிக்கிறது. ஒரு பக்கம் போட்டால் நான்கும் எரிகின்றன. ஏன்?

பதில்: இரண்டும் வெவ்வேறு கோளாறு. எல்இடி மிகக் குறைந்த மின்சாரமே எடுப்பதால், இண்டிகேட்டரை விட்டுவிட்டு எரியவைக்கும் பழைய பிளாஷர், பல்ப் போய்விட்டதென்று எண்ணி வேகமாக அடிக்கிறது. எல்இடிக்கான பிளாஷர் போடுங்கள். ரெசிஸ்டர் வேண்டாம், மிச்சப்படுத்திய மின்சாரத்தை அது சூடாக்கி வீணடிக்கும். நான்கும் எரிவதற்குக் காரணம் மீட்டரிலுள்ள ஒற்றை இண்டிகேட்டர் விளக்கு. அது இடது ஒயருக்கும் வலது ஒயருக்கும் நடுவே இருப்பதால் மின்சாரம் அதன் வழியே மறுபக்கம் கசிகிறது. இரு பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு டயோடு (மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடுவது) வழியாக, கோடு போட்ட முனை விளக்கை நோக்கி இருக்கும்படி கொண்டுவந்து, விளக்கின் மறுமுனையை எர்த்தில் கொடுங்கள்.

கேள்வி: எங்கள் குழுவில் ஒருவர் இப்போதுதான் கட்டி முடித்த வண்டியில் வருகிறார். அவரை வரிசையில் எங்கே விடுவது?

பதில்: கடைசி ஆளுக்கு நேர் முன்னால். கடைசியில் வருகிறவர் கருவிப் பையும் உதிரி பியூஸும் வைத்திருக்கட்டும். இடமும் வலமுமாக மாறி மாறி ஓடும் குறுக்குமறுக்கு வரிசையில் நேர் முன்னால் போகிறவரிடமிருந்து குறைந்தது 2 விநாடி இடைவெளி என்பார்கள். அந்த வண்டிக்குப் பின்னால் 3 விநாடி விடச் சொல்லுங்கள்.